சாமிக்கு வேண்டாத சேவல்

ரிக்ஷாவில் நின்றபடி மைக்கில் பேசுவது லேசான வேலை இல்லை. ஓட்டுகிறவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வாக்கியத்தின் கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே திரும்பிப் போய்விடும்.

"யார் வீட்டில் கோழி, வாத்து இருந்தாலும் கிளப்பில் வந்து சொல்லவும். யாரும் பயப்பட வே..."

பிரேக்.

டாலிகஞ்ச் பக்கத்துச் சந்து ஒன்றில், பனி விலகாத ஒரு ஜனவரிக் காலையில், வங்காளத்தில் இப்படித்தான் அறிவித்துக்கொண்டு போனேன். பறவைக் காய்ச்சல் மாவட்டம் மாவட்டமாக நகர்ந்து நகரத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டதாகப் பேச்சு. மார்பில் துர்கா பூஜையில் மிச்சமான வாலண்டியர் பேட்ஜ். மூக்கில் அம்மா தைத்துக் கொடுத்த முகமூடி. அப்பாவின் பழைய லுங்கியில் தைத்தது, அதனால் நீலக்கட்டம்.

பக்கத்தில் சைக்கிளை உருட்டியபடி பல்ட்டுதா வந்தார். எங்கள் தெருக் கிளப்பின் காரியதரிசி; தெருவுக்கே தாதா, வங்காளத்தில் அண்ணன். கேரம் போர்டிலிருந்து சரஸ்வதி பூஜை வரை எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது வைரஸும் சேர்ந்திருந்தது.

ரிக்ஷா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. "பறவைகளை மறைத்து வைப்பது குற்றம்" என்று நான் சொல்லி முடிக்கவும், மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

கொக்கரக்கோ!

பல்ட்டுதா மேலே பார்த்தார். ரிக்ஷாக்காரர் மேலே பார்த்தார். நான் மட்டும் கீழே பார்த்தேன்.

"ஏய் பண்டிட், அது என்ன சத்தம்?" என்றார் பல்ட்டுதா. என் பெயர் பாண்டி. நாலு எழுத்து படித்தவன் என்பதால் அவர் வாயில் அது பண்டிட் ஆகிப் பல வருடம்.

"ரிங்டோன் தாதா. அம்மாவோட மொபைல்."

அவர் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். சேவல் இன்னொரு முறை கூவியது.

"பிரமாதம்! அசல் கோழி மாதிரியே இருக்கு. எனக்கு ப்ளூடூத்ல அனுப்பிடு," என்றார்.

மரியாதைக்குரியவர்

அந்தச் சேவலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வருகிற கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டுகிற கூட்டத்தில் ஒருவர். பிழைப்புக்காக ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் பள்ளிக்கூடம் போயிருக்கிறார், வெள்ளையடிக்க.

அதனால் என் படிப்பு முடிந்து வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக அம்மா ஊர்க் கருப்பசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். சந்தையில் குஞ்சாக வாங்கி மாடியில் வளர்த்தாள். கோடையில் ஊருக்குப் போகும்போது கூடையில் வைத்து ரயிலில் கொண்டுபோவதாகத் திட்டம்.

சேவல் வளர வளர எனக்கும் சால்ட் லேக்கில், செக்டார் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியானது. பங்குனியில் சேர வேண்டும்.

சாமிக்கு நேர்ந்துவிட்டதை வாடா போடா என்று கூப்பிட முடியாது. அம்மா அதை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள்.

"வாங்க சாமி, கம்பு வச்சிருக்கேன், சாப்பிடுங்க." இது சேவலுக்கு.

"யோவ், சோறு ஆறுது." இது அப்பாவுக்கு.

என் ஏற்பாடுகள்

நான் கவலைப்படுகிற ஆள். அதை இந்தத் தொடரில் வாராவாரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஜனவரியில் என் கவலைக்கு முதல்முறையாக அச்சடித்த ஆதாரம் கிடைத்தது. பேப்பர், துண்டுப் பிரசுரம், டிவி எல்லாம் என் பக்கம்.

நான் வீட்டைத் தயார்ப்படுத்தினேன். படி ஏறும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்த ஒரு வாளி. யார் வந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முட்டையை அரை மணி நேரம் வேகவைத்தேன். அது முட்டையாக இருப்பதை நிறுத்திக்கொண்டு ரப்பர் ஆகிவிட்டது. முட்டையை முடித்த கையோடு பாலையும் தயிரையும் கொதிக்க வைத்தேன். தயிர் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

வெளியே போகக் கூடாது, யாரும் மேலே வரக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு. லேக் மார்க்கெட்டுக்கு நானே போய்ப் புழுங்கலரிசி, புளி, அப்பளம் எல்லாம் மூட்டையாக வாங்கி வந்து அடுக்கினேன்.

அப்பா வேலை முடிந்து வந்து வாளியில் காலை விட்டு நிற்பார்.

"ஏன்டா, கப்பல்ல வர்ற சரக்கைக்கூட இப்படிக் கழுவ மாட்டானுங்கடா."

"நோய் கால்லதான் ஒட்டிக்கிட்டு வரும்ப்பா."

"உங்க ஆத்தா சேவலக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கா. நீ என் காலக் கழுவுற."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாளி படியில் இருந்தது, ஆபத்து கட்டிலுக்கு அடியில் இருந்தது. ரிங்டோன் சம்பவத்துக்குப் பிறகு அம்மா சேவலை மாடியிலிருந்து அறைக்குள் கொண்டுவந்து, கூடையில் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி இருட்டாக்கி வைத்திருந்தாள்.

இருட்டில் சேவல் கூவாது என்பது அம்மாவின் கணக்கு. கீழ்வீட்டில் ஹார்மோனியம் இருப்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டின் சொந்தக்காரரை மாசிமா என்போம், வங்காளத்தில் சித்தி; அவர் பேத்தி தினமும் விடிந்ததும் ஸரிகம பாடுவாள். மேல் ஸ்தாயியைத் தொட்டதும் எங்கள் கட்டிலடியிலிருந்து பதில் போகும். உடனே நான் பலமாக இருமுவேன். வைரஸ் காலத்தில் இருமுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றிலிருந்து இருமலுக்குப் பதிலாக ஒரு பாத்திரத்தை உருட்டினேன்.

முன்பு ஒரு கண்வலி

தொற்று என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நான் பள்ளியில் படித்தபோது தெரு முழுக்கக் கண்வலி வந்தது. சிவந்து, வீங்கி, காலையில் இமை ஒட்டிக்கொண்டு, அந்த வகை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மெட்ராஸ் ஐ. தெருவில் அதற்குப் பெயர் ஜொய் பாங்ளா, அதாவது வெல்க வங்காளம்.

"மெட்ராஸ்லேர்ந்து நீங்கதான் கொண்டுவந்தீங்களா?" என்று பல்ட்டுதா அப்பாவைக் கேட்டார்.

"உங்க ஊர்ப் பேரை வச்சுக்கிட்டு எங்களக் கேக்குறீங்களா?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். யார் யாரை முறைக்கிறார்கள் என்று தெரியாததால் சண்டை அதோடு நின்றது. அந்த வாரம் பள்ளியில் என் வகுப்பைப் பார்த்தால் கொள்ளைக் கூட்டம் கூடிப் பாடம் படிப்பது போலிருக்கும்.

ஆனால் கண்வலியில் யாரும் சாகவில்லை. இது வேறு.

அம்மா தும்மியபோது

ஒரு நாள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா தும்மினாள். குளிர்காலத்தில் எல்லோரும் தும்முவதுதான். நான் மட்டும் துண்டுப் பிரசுரத்தை எடுத்து அறிகுறிகளைப் படித்தேன்.

"ம்மா, நாளன்னைக்கு கோழியெல்லாம் புடிச்சு அழிக்க கவர்ன்மென்ட் ஆளுங்க வர்றாங்க. இதக் குடுத்துருவோம்."

"சாமி பொருளத் தூக்கிக் குடுக்குறதா? பேசாதடா."

"நோய் வந்தா என்ன செய்வ?"

"எனக்கு வந்தா வரட்டும். வேலைய வாங்கிக்கிட்டு சேவலக் குடுக்கலைன்னா, கருப்பன் குடுத்த வேலையத் திருப்பி எடுத்துக்குவாரு. அதுக்கு மேல உன்னையும்..." அவள் முடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் சேவலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் அதைப் பறிக்கப் பார்த்தேன். நடுவில் அது வெல்லம் தின்றுகொண்டிருந்தது.

அப்பாதான் வழி சொன்னார். "கருப்பனையே கேட்டுருவோம். உங்க அண்ணனுக்குப் போனப் போடு."

பெரிய மாமா ஊரில் கருப்பசாமிக்குச் சாமியாடி. அவர் மேல் இறங்கித்தான் கருப்பன் பேசுவார். இதுவரை கோயில் திடலில்தான் இறங்கியிருக்கிறார். போனில் இறங்கியதில்லை.

ஸ்பீக்கரில் சாமி

அம்மாவின் மொபைல் அப்போது எங்கும் கிடைத்த சீனத்து மொபைல். ஸ்பீக்கரைப் போட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சூடம் ஏற்றி, போனை ஒரு தாம்பாளத்தில் வைத்து, அம்மா கும்பிட்டு நின்றாள். அந்தப் பக்கம் உடுக்கைச் சத்தம். அப்புறம் மாமாவின் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் மாமாவின் குரலாக இல்லாத ஒரு குரல்.

"ஏய்ய்ய்... யாரது, என்னைய அழைச்சது?"

"நாந்தான் சாமி, உன் புள்ள. கல்கத்தாவுலருந்து பேசுறேன்."

உடுக்கை சட்டென்று நின்றது.

"கல்கத்தாவா? அங்க கோழிக்காய்ச்சலாமே!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

"ஆமா சாமி. உனக்கு நேர்ந்த சேவல..."

"கொண்டாராத! என் எல்லைக்குள்ள அது காலெடுத்து வைக்கப்படாது. எனக்கு வேணாம்!"

"கண்ணு மாதிரி வளத்திருக்கேன் சாமி. ஒரு நோவும் இல்ல."

"வேணாம்னா வேணாந்தான்! உன் மகன் முடியக் குடு. இன்னைக்கே எடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சு வை. வரும்போது கொண்டாந்து போடு. வெறுங்கையோட வா, சேவலோட வராத. ஏய்ய்..."

லைன் கட்டானது.

"சாமியே பேப்பர் படிச்சிருக்கு பாரேன்," என்றாள் அம்மா.

"சாமி எங்க படிச்சுச்சு? உங்கண்ணன் டீக்கடையில படிச்சிருப்பான்," என்றார் அப்பா.

எனக்கு யார் படித்திருந்தாலும் சரி. நேர்த்தியிலிருந்து சேவல் விடுதலை. நான் செருப்பை மாட்டினேன்.

மொட்டை

லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி மாட்டி முடிவெட்டுகிற பீகார்க்காரர் ஒருவரிடம் தலையைக் கொடுத்தேன். மொட்டை என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. கத்தியைக் கழுவினார். இரண்டாவது தடவையும் கழுவினார்.

"அப்பாவா, அம்மாவா?" என்றார் இந்தியில்.

அம்மா சொல்லித்தான் மொட்டை என்பதால் "அம்மா" என்றேன்.

அவர் என் தோளை அழுத்திவிட்டு வானத்தைக் காட்டினார். எதற்கு வானம் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அதுவும் விளங்கவில்லை. நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்களுக்கு மொட்டை என்றால் சந்தோஷம். வேண்டுதல் நிறைவேறியது, சந்தனம் தடவு, போட்டோ எடு. வங்காளிகளுக்கு வளர்ந்த பையன் மொட்டைத் தலையோடு வந்தால் ஒரே பொருள்தான். அவனைப் பெற்றவர்களில் ஒருவர் போய், காரியமும் முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறேன், எத்தனையோ பார்த்திருக்கிறேன். என் தலை என்று வந்தபோது அது ஞாபகம் வரவில்லை.

வீட்டு வாசலில் மாசிமா வெயிலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார். என் தலையைப் பார்த்தார். கையிலிருந்த தட்டு விழுந்தது.

"பண்டிட்! யாருப்பா?"

"யாரும் இல்ல மாசிமா," என்று சொல்லிவிட்டு, நல்ல செய்தியை அம்மாவிடம் சொல்கிற அவசரத்தில் வாளியில் காலை நனைத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

கீழே என்ன கணக்கு ஓடியது என்பதை அப்புறம் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவை வெளியே பார்த்துப் பல நாளாகிறது. மேலே வராதீர்கள் என்று பையன் தடுத்தான். படிக்கட்டில் பிளீச்சிங் பவுடர். தினமும் விடிந்ததும் இருமல். பிறகு இருமலும் இல்லை, இன்றைக்கு மொட்டை. ஊர் பயந்துவிடக் கூடாதென்று, பெற்ற தாயின் சாவைக்கூட மறைத்துக்கொண்டு மைக்கில் பேசிய தியாகி நான்.

மேலே வேறு சண்டை

"ம்மா, முடி எடுத்தாச்சு, இந்தா பொட்டலம். இப்ப சேவல எடு."

அம்மா கூடையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"எடுக்க மாட்டேன்."

"ம்மா! சாமியே வேணாம்னுருச்சு!"

"அவருக்கு வேணாம்னா எனக்கும் வேணாமா? வளத்தது அவரா, நானா? முட்டைக் குஞ்சா இருந்ததுலருந்து கையில வச்சு ஊட்டியிருக்கேன். ஒரு காய்ச்சல்னதும் வராதங்குறாரு. நல்ல சாமிடா உங்க சாமி!"

கருப்பன் அவள் வீட்டுச் சாமி. அந்த நிமிடத்திலிருந்து என் வீட்டுச் சாமி ஆகிவிட்டது.

நான் தலையைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. முடியும் போய், சேவலும் இருந்தது.

இரங்கல்

கீழே அழுகைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். படியின் முதல் கல்லில் மாசிமா உட்கார்ந்திருந்தார். பின்னால் பல்ட்டுதாவும் கிளப் பையன்களும், கையில் ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலையும் ஊதுபத்தியும். அவர்கள் எல்லோரும் கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்கள். தெருமுனையில் ஒரு ஜீப் நின்றது. வெள்ளைப் பிளாஸ்டிக் உடை போட்ட ஒருவர் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு மறுநாள் வரவேண்டியவரைப் பல்ட்டுதா உடனே வரவழைத்துவிட்டார்.

"பூஜை தவறாம இட்லி குடுத்தனுப்புவாளே," என்று மாசிமா அழுதார். "என் முட்டிவலிக்கு எண்ணெய் காய்ச்சிக் குடுத்தாளே. அவ எவர்சில்வர் கிண்ணம் ரெண்டு வருஷமா என் வீட்டுல கிடக்கே, திருப்பித் தராமப் போனேனே!"

அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். அவளுடைய வங்காளம் அவசரத்தில் தமிழாகத்தான் வரும்.

"அது உன்கிட்டயா இருக்கு? நான் வீடு முச்சூடும் தேடுனேன்!"

கிளப் பையன்கள் ஊதுபத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பல்ட்டுதா சைக்கிளைத் தேடினார், சைக்கிள் மேலேயே விழுந்தார். மாசிமா மட்டும் நகரவில்லை. மேலே பார்த்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் பார்த்தார்.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கேன் மாசிமா! எங்க போகப் போறேன்?"

மாசிமா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் அங்கேயே உட்கார்ந்து, இப்போது சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாண்டி, இந்தம்மா மூக்கக்கூட மூடலடா," என்றாள் மெதுவாக. "எல்லாரும் அங்கிட்டு நிக்கிறாங்க. நான் நோயில செத்துட்டேன்னு நெனச்சும், இது மட்டும் படியில வந்து உக்காந்து அழுகுது."

"ஆமாம்மா."

"வயசான மனுசி. நம்ம கட்டிலுக்குக் கீழ இருக்குறதால இந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவள் உள்ளே போனாள். வரும்போது இரண்டு கையிலும் பால் கவர்களைக் கட்டி, லுங்கி முகமூடி போட்டு, சேவலை இடுப்பில் வைத்திருந்தாள். நான் சொல்லிச் சொல்லியும் ஒரு நாளும் அவள் கட்டாத பால் கவர்.

படியிறங்கி

"கொஞ்சம் தள்ளிக்கோங்க மாசிமா," என்று சொல்லி அவரைத் தாண்டி, சேவலோடு நடந்தாள். தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

"அதான் ரிங்டோனா?" என்றார் பல்ட்டுதா, விழுந்த இடத்திலிருந்தே. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அதை இன்றுவரை அவரது நல்ல குணமாக எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளை உடைக்காரர் சாக்கை விரித்தார். அம்மா குனிந்து சேவலின் காதருகே ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. நீங்க, வாங்க என்றுதான் இருந்திருக்கும். பிறகு அவரிடம் தன் வங்காளத்தில், "தலை மேல இருக்குற மாதிரி புடிங்க. தலகீழா வேணாம்," என்றாள்.

அவர் அப்படியே வாங்கி, சாக்கில் வைத்து, வாயைக் கட்டினார். அம்மா கையைக் கழுவப் போய்விட்டாள், திரும்பிப் பார்க்காமல். அந்த நேரம் பார்த்து, டீ குடிக்கப் போயிருந்த அப்பா திரும்பி வந்து, கூட்டத்தைப் பார்த்து, ஒன்றும் புரியாமல், பழக்கத்தில் வாளியில் காலை விட்டு நின்றார்.

வெள்ளை உடைக்காரர் கிளம்பும்போதுதான் என் தலையைச் சரியாகப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் கண் சுருங்கியது.

"அம்மாவா?"

"இல்ல. அதோ, கை கழுவுறாங்களே, அவங்கதான் அம்மா."

"அப்பாவா?"

"அவர் வாளியில நிக்கிறார்."

"அப்ப யாரு தவறினது?"

மாசிமா கேட்டபோது யாரும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் கையில் சாக்கு ஒரு தடவை அசைந்து அடங்கியது.

"வீட்டு ஆளுதான்," என்றேன்.

அவர் சாக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கையுறை போட்ட வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், தலையைக் குனிந்து வணங்கினார்.